அலுவலகத்துக்கு முன்னும் பின்னும்

1907ஆம் ஆண்டு கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றபோது சி. வி. ராமனுக்கு வயது 18. புதிதாக மணமுடித்த லோகசுந்தரியும் உடன் வந்திருந்தார். நல்ல சம்பளம், நிச்சயமான பதவி உயர்வு என்று அந்தக் காலத்துக் குடும்பங்கள் கனவு கண்ட சர்க்கார் உத்தியோகம் கையில் இருந்தது. ஆனால் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து வெளிவந்த அந்த இளைஞருக்குப் பரிசோதனை செய்ய ஓர் இடம் இல்லை.

டிராமில் போய்க்கொண்டிருந்தபோது பௌபஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று அதில் எழுதியிருந்தது. 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் ஊரெல்லாம் நன்கொடை திரட்டி நிறுவிய அமைப்பு அது. சொற்பொழிவுகள் நடந்தன, கருவிகளும் இருந்தன, அவற்றை எடுத்து ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. கதவைத் திறந்த ஆசுதோஷ் டே பின்னாளில் ராமனின் உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். அன்று செயலாளராக இருந்த அமிர்தலால் சர்க்கார், மகேந்திரலாலின் மகன், கழகத்தைப் பயன்படுத்திக்கொள்ள மனமுவந்து அனுமதி கொடுத்தார்.

அதன் பிறகு ராமனின் நாள் ஒரு கண்டிப்பான வடிவம் எடுத்தது. காலை ஐந்தரை மணிக்குக் கழகத்துக்குக் கிளம்புவார். ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பிக் குளித்து, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, வண்டி பிடித்து அலுவலகம் போவார். மாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து நேராகக் கழகம். வீடு வந்துசேர இரவு ஒன்பதரை, சில நாள் பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கேதான். ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிப் போன இடைவெளியைத் தவிர, 1917 வரை கல்கத்தா வாழ்க்கை இப்படியே ஓடியது.

அந்த நேரங்களில் அவர் விரும்பி ஆராய்ந்தது இசைக்கருவிகளை. வில் இழுக்கும்போது வயலின் தந்தி எப்படி அதிர்கிறது, செல்லோவில் சில சுரங்களில் மட்டும் ஏன் ஊளையிடுவதுபோல் ஒலி எழுகிறது, வங்காளத்துப் பாணர்கள் மீட்டும் ஏக்தாராவின் ஒற்றைத் தந்திக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விகள் அவரை விடவில்லை. பின்னாளில் பேராசிரியரான பிறகும் அந்த ஆர்வம் தொடர்ந்தது. மிருதங்கத்தின் தோலில் கரணை என்றும் சாதம் என்றும் சொல்லப்படும் கரும்பசை, தோலின் தாறுமாறான அதிர்வுகளை ஒன்றுக்கொன்று இசைவான சுரங்களாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியைத் தந்தபோது, சம்பளம் வெகுவாகக் குறையும் என்று தெரிந்தே சர்க்கார் வேலையை உதறினார். 1928 பிப்ரவரி 28 அன்று, பின்னாளில் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பு நிகழ்ந்ததும் அதே பௌபஜார் கட்டடத்தில்தான்.

நோபல் பரிசு பெற்றவரின் அறிவாற்றல் எல்லோருக்கும் வாய்க்காது. அவருடைய கால அட்டவணையில் உள்ள சில அம்சங்கள் மட்டும் எவருக்கும் பயன்படக்கூடியவை. ஓவியம் வரைய, வீணை பழக, கதை எழுத, மரத்தில் செதுக்க ஆசைப்பட்டு, "எங்கே நேரம்?" என்று ஏங்குகிற லட்சக்கணக்கானோருக்கு அந்த அட்டவணை என்ன சொல்கிறது? கடந்த நாற்பது ஆண்டுகளாக உளவியலாளர்கள் தனித்தனியே நடத்திய ஆய்வுகளை அதன் அருகே வைத்துப் பார்த்தால், விடை ஓரளவு தெளிவாகிறது.

எவ்வளவு நேரம் வேண்டும்?

முதலில் அளவு. அமெரிக்காவில் மரிஸ்ஸா ஷரிஃப், கேசி மொகில்னர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் ஆகிய மூவர் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்று 21,736 அமெரிக்கர்கள் அளித்த தகவல்கள் அதில் அலசப்பட்டன. ஒரு நாளில் விருப்பம்போல் செலவிடக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குக் கீழே போனால் மனநிறைவு குறைகிறது. ஐந்து மணி நேரத்தைத் தாண்டினாலும் குறைகிறது. ஓய்வு கூடக்கூட மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணத்துக்கு இது மாறானது. இதே ஆய்வாளர்கள் நடத்திய வேறொரு சோதனை இன்னும் முக்கியமானது. நிறைய ஓய்வு கிடைத்தவர்கள் அதை ஏதாவது ஆக்கபூர்வமான செயலில், ஒரு பொழுதுபோக்குக் கலையிலோ உடற்பயிற்சியிலோ, செலவிடுவதாகக் கற்பனை செய்தபோது அந்தச் சரிவு மறைந்துவிட்டது.

வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு மணி நேரம் மொத்தமாகக் கிடைப்பது அரிது. பேருந்தில் இருபது நிமிடம், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம், பிள்ளை தூங்கிய பிறகு அரை மணி என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது. கூட்டினால் தொகை சரியாக இருக்கும், ஆனால் ஒரு துண்டிலும் வேலை நகராது. 2009இல் சோஃபி லெராய் என்ற மேலாண்மை ஆய்வாளர் இதற்கு ஒரு காரணத்தைச் சோதனை வழியே காட்டினார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய கவனம் புதிய வேலையின் தரத்தைக் கெடுக்கிறது. அலுவலக மின்னஞ்சலைப் பாதியில் விட்டுவிட்டுத் தூரிகையை எடுப்பவரின் கை வரையும், மனம் பதில் எழுதிக்கொண்டிருக்கும்.

ராமன் அலுவலகத்திலிருந்து நேரே கழகம் போனதில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு அடங்கியிருக்கிறது. இடம் மாறுவதே மனத்தை மாற்றிவிடும். வேறொரு தீர்வைக் கண்டவர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப். தபால் துறை அதிகாரியாக நாடெங்கும் அலைந்தவர். பிரிட்டிஷ் தீவுகளில் சிவப்புத் தபால் பெட்டி வழக்கத்துக்கு வருவதற்கு அவர் எழுதிய பரிந்துரை ஒரு தொடக்கம். அதிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து எட்டரை வரை எழுதுவார். காபியோடு வந்து எழுப்புவதற்காகவே தன் வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணியில் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது அவர் வழக்கம். அதன்பின் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள். இப்படி அவர் எழுதி முடித்தவை 47 நாவல்கள். முந்தைய நாளின் பக்கங்களுக்குள் மறுபடி நுழையும் அந்த அரை மணி வீணான நேரமாகத் தோன்றலாம். மனம் கதைக்குள் திரும்பிவர அந்த நேரம் தேவைப்பட்டது.

வாசலில் ஒரு பாடம்

"இந்த வருஷம் எப்படியாவது வரையணும்" என்று நினைப்பவருக்கும், "இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தட்டைக் கழுவி வைத்ததும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து வரைவேன்" என்று முடிவு செய்பவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த வித்தியாசத்துக்குக் கொடுத்தார். எப்போது, எங்கே, எதற்குப் பின் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், அந்தச் சூழல் வரும்போது செயல் தானாகத் தூண்டப்படுகிறது. தீர்மானிக்கும் சுமை அந்த நேரத்தில் மனத்தின்மேல் விழுவதில்லை. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படித் திட்டமிட்டவர்கள் இலக்கை அடையும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு வெகுகாலம் முன்பிருந்தே தமிழ்நாட்டு வாசல்களில் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. கோலம் போடும் பெண் இன்றைக்கு வரைய நேரம் இருக்குமா என்று யோசிப்பதில்லை. எழுந்ததும் வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, ஈரம் காயும் முன் கோலமாவு டப்பாவை எடுக்கிறார். நேரம், இடம், பொருள், முந்தைய செயல் எல்லாமே ஏற்கெனவே நிச்சயமானவை. யோசிக்க மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, எதை வரைவது என்பது. அங்கேதான் படைப்பாற்றலுக்கு வேலை வருகிறது.

அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதைத் தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை காட்டியது. புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கம்பிக் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் அவர்கள் விவரித்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார் மனத்தில் வைத்திருந்த வடிவங்கள், கணினிப் படங்கள் பற்றிய சர்வதேச ஆய்விதழில் ஒரு புதிய ஆய்வுத் துறைக்கு வித்திட்டன.

கோலத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அதன் அளவு நாளுக்கேற்ப மாறும். பரபரப்பான திங்கட்கிழமையில் நாலு புள்ளி வைத்து இழுத்த சின்னக் கோலம் போதும். வெள்ளிக்கிழமை கொஞ்சம் பெரிது. மார்கழியில் தெருவையே அடைக்கும் கோலம், பூசணிப் பூ, பக்கத்து வீட்டோடு போட்டி. வழக்கம் அறுபடாமல் இருப்பதற்கு இந்த நெகிழ்வு முக்கியக் காரணம். பொழுதுபோக்கைக் கைவிட்ட பலர், முழுதாகச் செய்ய முடியாத நாளில் ஒன்றுமே செய்யாமல் விட்டவர்கள். அரை மணி நேர வயலின் பயிற்சிக்கு நேரமில்லாத நாளில் ஒரு வரிசையை மட்டும் வாசித்துவிட்டுப் பெட்டியை மூடலாம்.

சரி, ஒரு நாள் விட்டுப்போனால்? லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தாமே தேர்ந்த ஒரு சிறு செயலை, நாள்தோறும் ஒரே சூழலில் செய்துவந்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரியது. கணக்குப்படி சிலருக்கு 18 நாட்கள், சிலருக்கு 254. 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்த ஆய்வில் ஆதரவு கிடையாது. எப்போதாவது ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பது அதில் கிடைத்த ஆறுதலான முடிவு.

மனம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள்

கலைக்கு மனநிலை வேண்டும், அதை அட்டவணையில் அடைக்க முடியாது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார். எழுதச் சிரமப்பட்ட 27 கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதல் குழு, மிக அவசியமானதைத் தவிர வேறொன்றும் எழுதக் கூடாது. இரண்டாம் குழு மனம் வரும்போது எழுதலாம். மூன்றாம் குழு குறித்த நாட்களில் குறித்த அளவு எழுதியே ஆகவேண்டும், தவறினால் தாம் வெறுக்கும் ஓர் அமைப்புக்குப் பணம் அனுப்ப வேண்டும்! மூன்றாம் குழு அதிகப் பக்கங்கள் எழுதியதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன, கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று. மனம் வரும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று. எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று. மிகச் சிறிய ஆய்வுதான் என்றாலும், உந்துதல் வந்த பிறகே வேலை தொடங்கும் என்ற நம்பிக்கையை அது பலமாக அசைக்கிறது.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டாம்லின் கானரும் குழுவினரும் 658 இளைஞர்களைப் பதின்மூன்று நாட்கள் நாட்குறிப்பு எழுத வைத்தார்கள். ஒரு நாள் ஏதாவது படைப்புச் செயலில் ஈடுபட்டவர்கள் மறுநாள் கூடுதல் உற்சாகமும் நிறைவும் உணர்ந்தார்கள். எதிர்த்திசையில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. இன்று மனம் நன்றாக இருப்பதால் மட்டும் நாளை படைப்புச் செயல் கூடிவிடவில்லை.

உடலும் பதில் சொல்கிறது. டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் நடத்திய ஆய்வில் 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனாக்கள், ஒட்டுப்படக் காகிதங்கள் கொடுத்து 45 நிமிடம் விருப்பப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சில் மாதிரியில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அளக்கப்பட்டது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. ஏற்கெனவே ஓவியம் பழகியவர், முதல்முறை களிமண்ணைத் தொட்டவர் என்ற பேதம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, வெறுமனே உட்கார்ந்திருந்த இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதால் இதை ஒரு தொடக்கச் சான்றாகவே கொள்ள வேண்டும்.

வேலையிலும் இதன் பலன் தெரிகிறதா? கெவின் எஷ்ல்மன் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 341 ஊழியர்களும் அமெரிக்க விமானப்படையின் 92 கேப்டன்களும் பங்கேற்றார்கள். படைப்புப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் வேலைக் களைப்பிலிருந்து நன்றாக மீள்வதாகச் சொன்னார்கள். வேலைச் செயல்பாட்டு மதிப்பீட்டிலும் முன்னே நின்றார்கள். ராபர்ட் ரூட்-பெர்ன்ஸ்டைனும் அவருடைய குழுவும் 2008இல் வெளியிட்ட கணக்குப்படி, அறிவியலில் நோபல் பெற்றவர்கள் ஏதாவது ஒரு கலையிலோ கைவினையிலோ ஈடுபடும் வாய்ப்பு மற்ற விஞ்ஞானிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. வயலின் கற்றால் நோபல் கிடைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வசதியும் ஆர்வமும் உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தே வாய்த்திருக்கலாம். ஆனால் பொழுதுபோக்கு கடமையைத் திருடிவிடும் என்ற பயத்துக்கு இந்தத் தரவுகளில் ஆதாரம் இல்லை. மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதிக் குவித்த சுஜாதாவையும், நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திக்கொண்டே நாவல்கள் எழுதிய சுந்தர ராமசாமியையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியும் அல்ல.

யார் காத்த நேரம்?

நேரம் ஒதுக்குவது தனிமனிதனின் உறுதியை மட்டும் பொறுத்ததா? ரஷ்யாவின் அலெக்சாண்டர் பரோதினுக்கு உறுதியும் திறமையும் நிறையவே இருந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ அகாதமியில் வேதியியல் பேராசிரியர், பெண்களுக்கான மருத்துவக் கல்வியைத் தொடங்கி வளர்த்தவர்களில் ஒருவர், உலகம் இன்றும் இசைக்கும் இசைக்கோவைகளை ஆக்கியவர். அகாதமி வளாகத்திலிருந்த அவர் வீட்டில் உறவினரும் நோயாளிகளும் விருந்தாளிகளும் எப்போதும் நிறைந்திருந்தார்கள். பக்கத்து அறையில் யாராவது தூங்குகிறார்கள் என்று பியானோவைத் தொடாமல் இருந்த நாட்களைப் பற்றி நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். 1869இல் தொடங்கிய 'இளவரசர் ஈகோர்' இசை நாடகம், 1887இல் அவர் இறந்தபோதும் முடிந்திருக்கவில்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவும் இசையமைப்பாளர் கிளாசுனோவும் சேர்ந்து முடித்த பிறகு, 1890இல் அது மேடையேறியது. இசைக்கென்று வீட்டில் எவரும் தொடாத ஒரு மணி நேரத்தை அவருக்கு யாரும் காத்துக் கொடுக்கவில்லை.

வில்லியம் ஹெர்ஷலுக்கு அது கிடைத்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஆர்கன் வாசித்தும் இசை கற்றுக்கொடுத்தும் பிழைத்தவர், இரவுகளில் தானே செய்த தொலைநோக்கியால் வானத்தைத் துழாவினார். 1781 மார்ச் 13 அன்று வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸ் கோளைக் கண்டார். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும்போது கையை எடுக்கக் கூடாது என்பதால், ஒருமுறை பதினாறு மணி நேரம் தொடர்ந்து தேய்த்த அண்ணனுக்கு ஊட்டிவிட்டவர் தங்கை கரோலின். அவரும் பாடகியாகப் பயிற்சி பெற்றவர், மேடைகளில் பாடியவர். வீடு பட்டறையாக மாறியபோது அவருடைய பாட்டு நின்றது. கல்கத்தாவில் ராமன் ஐந்தரைக்குக் கிளம்பவும் பத்து மணிக்குத் திரும்பி வரவும் முடிந்ததற்குப் பின்னால் வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரியின் சமையலும் காத்திருப்பும் இருந்தன.

இன்றைய இந்தியக் கணக்கு இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்வோரிடையே பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது முறையே 289, 88. இரு தரப்பிலும் பத்து நிமிடம்போலக் குறைந்திருக்கிறது, இடைவெளியோ அப்படியே 200 நிமிடத்தைத் தாண்டி நிற்கிறது. அந்த வீட்டு வேலையைத் தொட்ட ஆண்களே நூற்றுக்கு முப்பது பேருக்கும் குறைவு. பழக்கத்தைப் பற்றிய எந்த உத்தியும் இந்த இடைவெளியைத் தானாக மூடாது.

அடுத்தவருக்கான வேலைச் சுமை விலகினால் என்ன நடக்கும் என்பதற்குக் கரோலினின் வாழ்க்கையிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. 1786 கோடையில் ஒரு தொலைநோக்கியை ஒப்படைப்பதற்காக வில்லியம் ஜெர்மனிக்குப் போயிருந்தார். அண்ணனின் கணக்குகளைக் குறித்துக் கொடுக்கும் வேலை இல்லாத அந்த வாரங்களில், கரோலின் தன் சின்னத் தொலைநோக்கியோடு இரவுகளைத் தனக்கென்று பயன்படுத்தினார். ஆகஸ்ட் 1 அன்று தன் முதல் வால்மீனைக் கண்டுபிடித்தார். 1797க்குள் அவர் கண்டவை எட்டு. 1787 முதல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியம் வழங்கினார்.

இருவர் வாழும் வீட்டில் ஒருவர் நேரத்தை இன்னொருவர் காக்கத் தொடங்குவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சமையலறைச் சுவரிலிருக்கும் மாதக் காலண்டரில் வாரத்துக்கு இரண்டு மாலைகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்களை எழுதலாம். வரையவோ வாசிக்கவோ உட்காரப் போகிறவர் ஒருவர், அந்த முக்கால் மணி நேரமும் அடுப்பையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்த்துக்கொள்ளப் போகிறவர் இன்னொருவர். அடுத்த மாலைக்குப் பெயர்கள் இடம் மாறும். இரண்டாவது பெயர் எழுதப்படாத வீட்டில் பெரும்பாலும் ஒருவரின் நேரம் மட்டுமே நிலைக்கும் என்பதால், அதை முதலில் எழுதிவிடுவது நல்லது.